விழுந்த மான், கிடந்த மான்

வேட்டைக்குப் போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. எங்கள் கூட்டத்துச் சட்டத்தைப் போட்டவர் மேஸ்திரி. சுட்டவுடன் கண் முன்னால் சாய்ந்த மான் ‘விழுந்தது’. ஓடிப்போய், தேடிப்போய், பிறகு எடுத்த மான் ‘கிடந்தது’. விழுந்ததைப் பங்கு வைக்கலாம், சமைக்கலாம், விருந்தாளிக்கும் போடலாம். கிடந்தது பொழுது சாய்வதற்குள் கிடைத்தால் யோசிக்கலாம். விடிந்த பிறகு கிடைத்தால் அது கறியில்லை, பிணம். பிணத்தைத் தின்கிறவன் யார் என்று மேஸ்திரி வாயால் சொல்ல மாட்டார். பேச்சை அங்கே நிறுத்திவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில். நான் கப்பல் ஜெட்டியில் சரக்கு தூக்குகிற விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி அதே ஜெட்டியில் கூலியாட்களை வேலைக்கு விடுகிறவர். துப்பாக்கிக்கு லைசென்சு வாங்கியிருந்த தமிழர்கள் சிலரில் அவரும் ஒருவர். மூன்றாவது ஆள் கப்பல் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த குமாஸ்தா. கிறிஸ்தவர், பயந்த சுபாவம். துப்பாக்கியைத் தொட மாட்டார், ஆனால் மான் கறிக்காக எவ்வளவு தூரமும் நடப்பார்.

மூன்று பேரும் லான்மடா பேட்டையில் ஒரே மாடியில், இன்னும் சில பேரோடு குடியிருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே சமையல்காரர். ஜெட்டியிலிருந்து வந்ததும் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த வரிசையைப் பற்றி ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் அப்பன் ஊரில் எந்தத் தெருவில் பிறந்தான் என்று தெரிந்தால் அதில் பாதிப் பேர் தட்டை விட்டு எழுந்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. கடல் தாண்டினால் எவனும் கேட்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டுதான் அப்பன் கப்பல் ஏறினான். அது பாதி உண்மை. வாயால் கேட்க மாட்டார்கள். கறியை வைத்துக் கேட்பார்கள்.

ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போட எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். இழுத்துப் போட்ட பிறகு, செத்ததைத் தின்கிற பயல்கள் என்று எங்களைத்தான் திட்டுவார்கள். மேஸ்திரியின் வேட்டைச் சட்டம் அந்தத் திட்டிலிருந்து பிறந்தது. அது மானுக்காகப் போட்ட சட்டமே இல்லை. அன்றைக்கு எனக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: விடிந்த பிறகு கிடைத்த மானை நான் தொட்டால் அந்த வரிசையில் எனக்கு இடம் கிடையாது.

குளிர்காலத்தில், நெல் முற்றுகிற நேரத்தில், ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே பக்கத்து வயல்களுக்கு மான் இறங்கும். பர்மியர் அதை தயெ என்பார்கள். கால் குட்டை. தலையைத் தாழ்த்திக்கொண்டு பன்றி மாதிரி புல்லை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும். அதனால் நம்மவர்கள் பன்றிமான் என்று பெயர் வைத்தார்கள். அங்கே நிலம் வைத்திருந்த ஒரு பர்மிய அம்மாள், கதிரை மான் தின்கிறது, வந்து சுடுங்கள் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புவார். விதவை. வாயில் எப்போதும் சுருட்டு. நாங்கள் அவரை அமே என்று கூப்பிடுவோம், அம்மா என்று அர்த்தம். அவர் எங்களைக் கலா என்பார். இந்தியாவிலிருந்து வந்தவனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவர் சொல்லும்போது வராது.

ஒரு குளிர்கால விடுமுறைக்கு அப்படித்தான் போனோம். வயலை ஒட்டி ஆள் உயரப் புல்காடு. குமாஸ்தாவும் நானும் ஒரு பக்கமிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு புல்லைக் கலைத்துப் போக, மேஸ்திரி மறுபக்கம் வரப்பில் நின்றார். பொழுது சாய்கிற நேரம். ஒரு ஆண் மான் வெளியே வந்தது. சுட்டார். மான் முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளிவிட்டுத் திரும்பவும் புல்லுக்குள் போய்விட்டது.

நான் போய்ப் பார்த்தேன். புல் தாளில் ரத்தம் கொஞ்சம்தான். அதோடு பச்சையாக, அரைத்த தழை மாதிரி ஒட்டியிருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்ட மான் சீக்கிரம் சாகாது.

“குடல்ல பட்டிருக்கு மேஸ்திரியண்ணே” என்றேன்.

“தெரியுது. இப்ப உள்ள போகாத. தொரத்தினா ஓடிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் விட்டா பக்கத்துலயே படுத்துரும். அப்புறம் போயி எடுக்கலாம்.”

அது சரியான பேச்சு. வயிற்றில் பட்டதை உடனே துரத்தக்கூடாது. அதைச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ரத்தம் கண்ட இடம் தெரிய என் தலைத்துண்டை ஒரு புல் கற்றையில் கட்டிவிட்டு, காட்டின் ஓரமாகப் போய் எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று நின்று கேட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வயல் குடிசைக்குப் போய்விட்டார்கள்.

சத்தம் வந்தது. தூரத்தில் இல்லை. புல் சரசரவென்று அலையும், நிற்கும். மறுபடி அலையும். நடக்கிற சத்தம் அது இல்லை. ஒரே இடத்தில் கால் உதைக்கிற சத்தம். நடுவில் இருமல் மாதிரி ஒன்று. மனுஷன் தொண்டையில் சோறு சிக்கினால் இருமுவானே, அப்படி.

குடிசைக்குத் திரும்பும்போது அமேயின் மாட்டுவண்டி மேட்டில் ஏறிப் போவது தெரிந்தது. வெடிச் சத்தம் கேட்டு வந்து விசாரித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். குமாஸ்தா அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்திருந்தார்.

“படுத்திருச்சு. இடம் தெரியும். லைட்டை எடுங்க, போயி முடிச்சிட்டு வந்திரலாம்” என்றேன்.

மேஸ்திரி கஞ்சியை ஊதினார். “இருட்டிருச்சேப்பா.”

“லாந்தர் இருக்குல்ல.”

“லாந்தரைக் கையில புடிப்பியா, துப்பாக்கியப் புடிப்பியா? புல்லுக்குள்ள பாம்பு கிடக்கும். காலைல பாத்துக்கலாம்.”

“காலைல வரைக்கும் அது உதைச்சுக்கிட்டுக் கிடக்கணுமா?”

“உனக்கு என்ன, அது சித்தப்பா மகனா?” என்றார். குமாஸ்தா சிரித்தார். சிரித்த பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சியைப் பார்த்தார்.

“துப்பாக்கி வேணாம். லாந்தரைக் குடுங்க. நான் கத்தியோட போறேன்.”

“எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கு. ராத்திரிக்கு வேணும்.”

கத்தியை எடுத்துக்கொண்டு விளக்கில்லாமல் போனேன். துண்டு கட்டிய இடம் வரை போக முடிந்தது. அதற்கப்புறம் நீட்டின கை எனக்கே தெரியவில்லை. சத்தம் வலது பக்கம் வந்தது. நான் ஒரு அடி வைத்ததும் நின்றுபோனது. நான் வருவது அதற்குத் தெரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அது கிடக்கிறது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் நெருங்கினால் எழுந்து ஓடும். ஓடினால் இருட்டில் தொலைந்துபோகும். திரும்பி வந்துவிட்டேன். வெளிச்சம் இருந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். அது என் தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. லாந்தர் குடிசையில் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் இரண்டு பேர் கருவாடு சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் மறுபடி தொடங்கியது, குடிசை வரைக்கும் கேட்டது.

விடிகிற வெளிச்சம் வந்ததும் போனோம். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துண்டு கட்டிய இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில், ஒரு வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. வயிற்றில் பட்ட மான் தண்ணீரைத் தேடும். மூக்கு தண்ணீருக்கு ஒரு சாண் இப்பால் இருந்தது. காலைச் சுற்றி இருந்த புல்லெல்லாம் வட்டமாகப் படுத்து, வேரோடு பெயர்ந்து, சேறாகியிருந்தது. அத்தனையும் உதைத்த உதை.

இன்னொன்றும் பார்த்தேன். அதைத்தான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நல்ல பனி. புல், வரப்பு, எங்கள் குடிசைக் கூரை, வழியில் கிடந்த கல் எல்லாம் நனைந்து கிடந்தது. மானைச் சுற்றிப் படுத்துக் கிடந்த புல்லிலும் பனி. மானின் விலாவில் மட்டும் பனி இல்லை. மயிர் காய்ந்து, வழவழவென்று இருந்தது. குனிந்து கை வைத்தேன். சூடு. முன்னங்காலை மடக்கினேன், மடங்கியது. விறைக்கவில்லை.

“தொட்டுப் பாருங்க மேஸ்திரி” என்றேன். அண்ணே என்று வரவில்லை.

அவர் இரண்டு அடி தள்ளி நின்றார். “கிடந்தது” என்றார்.

குமாஸ்தாவும் தொப்பியைக் கழற்றிவிட்டு, “தானாச் செத்தது. எங்க வேதத்துலயும் ஆகாது” என்றார்.

“தானாவா செத்துச்சு? குண்டு யாரு போட்டா, மழையில விழுந்துச்சா?”

“விடிஞ்சு போச்சு. சட்டம் உனக்குத் தெரியும்” என்றார் மேஸ்திரி. “வேணும்னா நீ எடுத்துக்க. உனக்கு ஒத்துக்கும்.”

கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார். அவ்வளவு நாளும் பார்வையால் கேட்டதை அப்போதுதான் வாயால் கேட்டார்.

அந்த நேரத்தில் அமே வந்து சேர்ந்தார், மருமகன் வண்டியை ஓட்டிவர. சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, செத்த மானைச் சுற்றி மூன்று கலாக்கள் எதற்காகப் பஞ்சாயத்து பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

பிறகு அவரும் குனிந்து மானின் வயிற்றில் கை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“இது இப்பத்தான் போயிருக்கு” என்றார். மேஸ்திரியைப் பார்த்தார். “நேத்து சாயங்காலமே தேபின்னு சொன்னியே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். முந்தின நாள் மாலை மருமகனை, இரண்டு லாந்தரும் ஒரு ஈட்டியும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். அடிபட்ட மான் தன் வயலோரம் கிடந்தால் அறுப்புக்கு ஆள் வராது, அந்த இடத்து நாட் கோபித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம். நாட் என்றால் அங்கே இடத்தைக் காக்கிற ஆவி. மான் என்ன ஆச்சு என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். மேஸ்திரி “தேபி” என்றிருக்கிறார். தேபி என்றால் செத்துவிட்டது. செத்தது காலையிலும் செத்ததாகத்தான் இருக்கும், இந்த இருட்டில் எதற்கு என்று மருமகனையும் லாந்தரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் பார்த்த வண்டி அதுதான்.

குமாஸ்தாவுக்குப் புரியட்டும் என்று இதை நான் தமிழில் சொன்னதும் மேஸ்திரிக்கு ரோஷம் வந்தது.

“நான் தேபின்னு சொல்லலடா. த்வேபின்னுதான் சொன்னேன். அந்தம்மா காதுல தப்பா விழுந்திருக்கு.”

த்வேபி என்றால் கிடைத்துவிட்டது. பர்மியருக்கு அது வேறு, இது வேறு. சந்தேகமே வராது. ஜெட்டியில் பர்மிய பாஷை கற்றுக்கொண்ட நம்மவர்கள் நாக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். கடைத்தெருவில் இதை வைத்து எங்களைக் கேலி பண்ணுவார்கள். காணாமல் போன மாமன் கிடைத்துவிட்டான் என்று சொல்லப் போய், செத்துவிட்டான் என்று சொல்லி ஒப்பாரி வைக்க வைத்த கதையெல்லாம் உண்டு. மேஸ்திரி அந்தத் தப்பைத்தான் செய்திருந்தார். அதை நான் நம்புகிறேன்.

“சரி, த்வேபின்னே சொன்னீங்க. எங்க கிடைச்சுது?” என்று கேட்டேன்.

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்க அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தப்ப நான் காட்டோரம் நின்னு அது இருமுறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். கிடைக்கவும் இல்ல, சாகவும் இல்ல. ரெண்டுல எதைச் சொன்னாலும் பொய்தான். நாக்கு பெரண்டது ஒரு பெரிய விஷயமா?”

“கஞ்சி ஆறிப்போகும்னு...” என்று குமாஸ்தா தொடங்கினார். மேஸ்திரி அவரை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது. விடிந்தால் தீட்டு என்று ஒரு சட்டம் இருந்தால் ராத்திரியில் தேட வேண்டாம். தேடாவிட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் கிடைத்தாலும் அது யாருக்கும் ஆகாதே. வேலையைத் தட்டிக்கழித்ததற்கு ஆசாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு அடியில் ஒரு உயிர் விடிய விடியக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மிச்சத்தை எடுத்துப்போட என்னைப் போல ஒருவன் பக்கத்தில் இருந்தால் சட்டம் முழுசாக நிறைவேறும். எடுத்துப் போடுவான், அதற்காகவே அவனைக் கேவலமாகவும் பேசலாம். ஊரில் மாடு. இங்கே மான்.

அமே மேஸ்திரியிடம், “அடிச்சவன் நீ. நீ தூக்கு. இது இங்க கிடக்கக்கூடாது” என்றார். நேற்று மாலை வரை பர்மிய பாஷை பேசிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு அன்று காலை ஒரு சொல் கூடப் புரியவில்லை. “என்ன சொல்லுது இந்தம்மா?” என்று என்னையே கேட்டார்.

“உங்களைத் தூக்கச் சொல்றாங்க.”

“சொல்லு, எங்க சாதியில ஆகாதுன்னு.”

“நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லா பேச வருமே.”

வண்டிக்கார மருமகனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவன் சிரித்துவிட்டான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். குமாஸ்தா என் கையைப் பிடித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார். “தம்பி, தூக்காதப்பா. தூக்கினா வீட்டுல என்ன ஆகும்னு தெரியும்ல.”

“தெரியும்.”

“பின்ன எதுக்கு? அந்தம்மா ஆளு வச்சு எடுத்துப் போட்டுரும்.”

இப்போது கேட்டாலும் நேரான பதில் வராது. ராத்திரி நானும் அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இருந்தோம். அதை அங்கே போட்டுவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்து ரசம் கேட்க என்னால் ஆகாது. அவ்வளவுதான். முன்னங்கால் இரண்டையும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டேன். கழுத்துப் பக்கம் அதன் சூடு பட்டது. சம்பான் படகுத் துறை வரும்வரை அது ஆறிக்கொண்டே வந்தது. ஆறுவதை ஒவ்வொரு அடியிலும் என் தோல் கண்டது.

சம்பானில் அவர்கள் ஒரு முனையில், நான் ஒரு முனையில். லான்மடாவில் மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. மேஸ்திரி எனக்கு முன்னால் வேகமாகப் போய்ச் சொல்லியிருந்தார். சமையல்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் என் தட்டு. அதைப் படியில் வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், எறியவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. நேற்று வரை தோளில் கை போட்டுப் பேசினவர்கள் உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்து திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

பின்சந்தில் ஒரு சீனத் தச்சன் இருந்தான். அவன் பட்டறை வாசலில் வைத்து உரித்தேன். வயிற்றுப் பக்கமெல்லாம் கெட்டுப்போயிருந்தது, வெட்டி எறிந்தேன். தொடையும் முதுகும் நன்றாக இருந்தன. தச்சன் ஒரு தொடை வாங்கிக்கொண்டான். எதிர்வீட்டுப் பர்மியர்கள் வாங்கிக்கொண்டார்கள். யாரும் அது எப்போது செத்தது என்று கேட்கவில்லை. தச்சன் மனைவி சமைத்துக் கொடுத்ததை நானும் தின்றேன். ருசியாக இருந்தது என்று எழுத மாட்டேன். தின்றேன். அடித்ததை வீணாக்கக்கூடாது என்பது ஒன்று. நான் தின்கிறேன் என்று மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்பது இன்னொன்று.

ரங்கூனிலேயே பபேடானில் ஒரு அச்சுக்கூடத்துக்குப் பின்னால் அறை கிடைத்தது. அங்கே தனியாகப் பொங்கித் தின்ன ஆரம்பித்தேன். ஜெட்டியில் மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை. விஞ்சுக்குச் சைகை காட்டும்போது மட்டும் கையை ஆட்டுவார். நானும் இறக்குவேன், ஏற்றுவேன். அவர் புல் கலைக்க வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். சட்டமும் மாறவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே இன்னும் இரண்டு மான் ‘கிடந்தது’ என்று கேள்விப்பட்டேன். அவற்றை யார் தூக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை யாரும் தூக்கவில்லை.

பகலில் ஒன்றும் தெரியாது. விஞ்சுச் சத்தத்தில் எதுவும் கேட்காது. வேலை முடிந்து அறைக்கு வந்து உட்கார்ந்தால், முன்னால் அச்சுக்கூடத்தில் காகிதம் வெட்டுகிற சரசரப்பு நிற்கும், மறுபடி தொடங்கும். நின்றால் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். குழம்புச் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன். அறை மாறினால் போய்விடும் என்று நினைத்தேன். மாறினேன். போகவில்லை.

மழை பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் குமாஸ்தா வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

“மேஸ்திரி அனுப்பினாரு. பழைய ஆளு இல்லாம வீடு நல்லா இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். ராத்திரியே செத்ததுன்னு எனக்குத் தெரியாது, சூடா இருந்ததால இப்பத்தான் விழுந்ததுன்னு நெனச்சுத் தூக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தலை முழுகிட்டு வந்து உக்காரலாம்.”

“அதாவது நான் பொய் சொன்னா அவங்களுக்குத் தீட்டு போயிரும்.”

“வார்த்தைதானப்பா.”

“போன தடவையும் ஒரு வார்த்தைதான் சொன்னாரு உங்க மேஸ்திரி.”

“அப்ப வர மாட்ட.”

“வர மாட்டேன். தெரிஞ்சுதான் தூக்கினேன். அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்க அப்பன் எந்தத் தெருன்னு கேட்டாலும் சொல்றேன், வந்து கேக்கச் சொல்லுங்க.”

எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. குடை நுனியிலிருந்து தண்ணீர் வாசல்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, வந்த காரியத்தைவிட மெதுவான குரலில் கேட்டார்.

“நான் தொடல. நெசமாவே சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நாம கஞ்சி குடிச்சப்ப அது...”

“கேட்டுக்கிட்டுத்தானே குடிச்சீங்க.”

தலையை ஆட்டினார். “கோயில்ல முழங்கால் போட்டா அந்த இருமல் கேக்குது தம்பி. பாதிரி ஐயர்கிட்டக் கூடச் சொல்லல. மான் இருமுதுன்னு சொன்னா சிரிப்பாரு. உனக்கு?”

“கேக்குது.”

“எப்ப நிக்கும்?”

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அன்றைக்குக் கஞ்சியைப் பார்த்துக் குனிந்த அந்தத் தலைதான் இப்போதும் என் முன்னால் குனிந்திருந்தது.

“நிக்க வேணாம். கேக்கட்டும்” என்றேன். “அன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் நல்லாக் கேட்டுச்சு. யாரும் போயி முடிக்கல.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். குடையை விரிக்க மறந்துவிட்டார். நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.